முதல் 10 கி.மீ. சாலை ஓட்டம்: பதற்றத்தையும் களைப்பையும் சமாளிக்கும் முறை

நாகர்கோவில் போன்ற ஏற்ற இறக்கம் மிகுந்த ஊரில் முதன்முறையாக 10 கி.மீ. ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 6 கி.மீ. வரை நிற்காமல் ஓடும் பழக்கம் உங்களுக்கு இருக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறேன். புறப்படும் முன் வரும் பதற்றமும் 7ஆவது கிலோமீட்டரில் வரும் களைப்பும் வெவ்வேறு சிக்கல்களாகத் தோன்றினாலும், பெரும்பாலும் முதலாவதுதான் இரண்டாவதை உண்டாக்குகிறது.

படி 1: முந்தைய இரவு

எண் அட்டையைப் பனியனில் ஊக்கால் குத்தும்போது, பனியனை உடுத்திக்கொண்டே குத்துங்கள். தரையில் விரித்துக் குத்தினால், உடலில் ஏறியதும் அட்டை சுருங்கி இழுபடும். பருத்திப் பனியன் வியர்வையைக் குடித்துக் கனத்துவிடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. தொடை இடுக்கிலும் அக்குளிலும் வாசலின் தடவ மறக்காதீர்கள். புதிய காலணி கூடவே கூடாது.

படி 2: காலை உணவு

புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாக அவித்த ஏத்தம்பழம் (நேந்திரம்பழம்) ஒன்று போதும். அவ்வளவு நேரம் இல்லையென்றால், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டிப்பழம் இரண்டு. 10 கி.மீ. ஓடத் தேவையான மாவுச்சத்து தசைகளிலும் ஈரலிலும் ஏற்கெனவே சேமிப்பில் இருக்கும். ஆகவே ஓடும்போது சக்திக்காக உறிஞ்சும், கடையில் விற்கும் ஜெல் பாக்கெட்டுகளை இந்தத் தூரத்துக்கு வாங்குவது வீண்செலவு என்பது என் கருத்து.

படி 3: புறப்படும் இடம்

நெஞ்சு படபடப்பதும், கழிவறைக்குப் போய்வந்த பிறகும் மீண்டும் போகத் தோன்றுவதும் அட்ரினலின் செய்யும் வேலை. பத்து நிமிடம் விறுவிறுவென்று நடந்து, மூச்சை இழுக்கும் நேரத்தைவிட விடும் நேரம் நீளுமாறு சில முறை சுவாசித்தால் படபடப்பு தணியும். பிறகு கூட்டத்தின் பின்பகுதியில் போய் நில்லுங்கள்.

படி 4: முதல் 2 கி.மீ.

இதைத்தான் எல்லாவற்றையும்விடக் கவனமாகப் படிக்க வேண்டும். அட்ரினலின் உச்சத்தில் இருக்கும்போது, வழக்கத்தைவிட வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடுவதுபோலவே தோன்றும். மேளச் சத்தமும் பக்கத்தில் முந்திச் செல்வோரும் சேர்ந்துகொண்டால் கால் தானாகவே எட்டிப் போடும். இதனுடன் நம் கடலோர ஈரப்பதமும் சேர்கிறது: வியர்வை ஆவியாகாமல் வழிந்து வீணாவதால் உடல் சூடு தணிவதில்லை, தோலைக் குளிர்விக்கவும் இதயம் கூடுதலாக இரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால் அதே வேகத்துக்கு நாடித்துடிப்பு ஏறிவிடுகிறது. 70 நிமிடத்தில் முடிப்பது இலக்கு என்றால் கிலோமீட்டருக்கு 7 நிமிடம். ஆனால் முதல் கிலோமீட்டரை 7 நிமிடம் 30 விநாடியிலும் இரண்டாவதை 7 நிமிடம் 15 விநாடியிலும் ஓடுங்கள். இழந்த 45 விநாடியை மீதி 8 கி.மீ.யில், ஒவ்வொன்றிலும் ஆறு விநாடிக்குள் மீட்டுவிடலாம். சோதனை எளியது: பக்கத்தில் ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியத்தைத் தடையின்றிப் பேச முடிய வேண்டும்.

ஜி.பி.எஸ். கைக்கடிகாரம் காட்டும் உடனடி வேகத்தை நம்புவதைவிட, ஒவ்வொரு கிலோமீட்டர் பலகையிலும் நேரத்தைப் பார்ப்பதே மேல். அதற்குச் சாதாரண ஸ்டாப்வாட்ச் போதும்.

படி 5: மேடும் தண்ணீரும்

ஏற்றத்தில் வேகத்தைக் காக்க முயலாமல் மூச்சின் அளவைக் காக்க வேண்டும்; அடியைக் குறுக்கி ஏறுங்கள். இறக்கத்தில் காலை முன்னால் நீட்டி ஊன்றினால் முட்டி அடி வாங்கும். தாகத்துக்கு ஏற்ப இரண்டு மிடறு குடித்தால் போதும்; அளவுக்கு மீறிக் குடிப்பது இரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கக்கூடும்.

படி 6: 7ஆவது கிலோமீட்டர்

இங்கே நடக்கத் தோன்றினால், களைத்து நிற்கும்வரை காத்திராமல், ஒரு நிமிடம் நடந்து நான்கு நிமிடம் ஓடுவதென்று நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். மார்பு வலி, தலைசுற்றல், வெயிலிலும் குளிர் நடுக்கம் ஆகியவை களைப்பு அல்ல. உடனே நின்று மருத்துவக் குழுவை அழைக்க வேண்டும்.

பிற்சேர்க்கை

பின்னால் நின்றால் நேரம் போகாதா என்று சிலர் கேட்டிருந்தார்கள். எண் அட்டையில் டைமிங் சிப் (நேரம் பதியும் சில்லு) இருந்து, தொடக்கக் கோட்டிலும் அதை உணரும் விரிப்பு போட்டிருந்தால், நீங்கள் அதைத் தாண்டும்போதுதான் உங்கள் நிகர நேரம் தொடங்கும். சிப் உள்ள பகுதியை மட்டும் மடிக்காதீர்கள். கடிகாரம் 10.2 கி.மீ. காட்டியதாக இன்னொருவர் எழுதியிருந்தார். முறையாக அளக்கும் பாதையை, வளைவுகளின் உள்ளோரத்தை ஒட்டிய மிகக் குறுகிய கோட்டில்தான் அளக்கிறார்கள். கூட்டத்தில் இடமும் வலமும் விலகி முந்துபவர் அதைவிடக் கூடுதலாகவே ஓட நேரும்.