தண்ணீர்க் கம்பால் ஜன்னல் கழுவ எந்த பிரஷ் வாங்கலாம்?

லண்டனில் ஜன்னல் கழுவும் வேலையில் இறங்கியபோது நான் வாங்கிய முதல் பிரஷ் 18 அங்குல அகலம். பிரஷ் பெரிதாக இருந்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று கணக்குப் போட்டேன். முதல் வீட்டிலேயே அந்தக் கணக்கு பிசகியது. மாடி ஜன்னலின் மேல்பகுதியில் தனியாகத் திறக்கிற ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. பிரஷ் இரண்டு பக்கச் சட்டத்திலும் முட்டி நின்றதே தவிர, நார் கண்ணாடியைத் தொடவே இல்லை. சாயங்காலம் தேநீர்க் கோப்பையைத் தூக்கக்கூடத் தோள் ஒத்துழைக்கவில்லை. அந்த பிரஷ் இன்னும் ஷெட்டில் தொங்குகிறது.

இந்த வேலை பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஏணி கிடையாது. தரையில் நின்றுகொண்டே நீளும் கம்பால் மாடி ஜன்னலைக் கழுவுகிறோம். கம்புக்குள் ஓடும் மெல்லிய குழாய் வழியாகத் தண்ணீர் ஏறி, முனையில் இருக்கும் பிரஷில் கொட்டும். பிரிட்டனில் 2005-இல் வந்த உயர வேலை விதிமுறைகள், தவிர்க்க முடிந்தால் உயரத்தில் ஏறாதே என்றுதான் தொடங்குகின்றன. ஏணியில் நின்றவர்கள் பலர் கம்புக்கு மாறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

கழுவியபின் கண்ணாடியைத் துணியால் துடைப்பதில்லை, தானாகக் காயட்டும் என்று விட்டுவிடுகிறோம். அதனால் தண்ணீரில் உப்பு இருக்கக் கூடாது. லண்டன் குழாய்த் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்ற அளவு, பொதுவாக 300-ஐ ஒட்டி இருக்கும்; கெட்டிலுக்குள் படியும் வெள்ளையைப் பார்த்தாலே தெரியும். முதலில் ஆர்ஓ சவ்விலும், பிறகு மிச்ச உப்பைப் பிடித்துக்கொள்ளும் ரெசின் மணிகளிலும் வடிகட்டி அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருகிறோம். பத்துக்கு மேலே போனால் கண்ணாடியில் புள்ளி தெரிய ஆரம்பிக்கும். ஆக, பிரஷுக்கு இரண்டே வேலை: அழுக்கை இளக்க வேண்டும், பிறகு அது கீழே ஓடிவிட வழிவிட வேண்டும். இரண்டாவதைத்தான் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

1. கடைக்கு முன்னால் தெருவுக்குப் போங்கள்

நீங்கள் வேலை செய்யப்போகும் தெருவில் ஒருமுறை நடந்து பாருங்கள். பெரும்பாலும் இரண்டு மாடி வீடுகளா? ஜன்னல்கள் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிந்திருக்கின்றனவா, ஒரே பெரிய கண்ணாடியா? வெள்ளை பிளாஸ்டிக் சட்டமா, பழைய மரமா, ஈயப் பட்டை வைத்ததா? பத்து வீட்டைப் பார்த்தாலே உங்களுக்கு எந்த பிரஷ் வேண்டும் என்பது பாதி தெரிந்துவிடும். கடைகளும் அலுவலகங்களும் உள்ள தெரு என்றால் கதையே வேறு.

2. அகலம்

வீடுகளுக்கு 10 அல்லது 12 அங்குலம். பெரிய கண்ணாடிச் சுவர், கடை முகப்பு, பள்ளிக்கூடம் என்றால் 14 முதல் 18 வரை. சந்தேகம் இருந்தால் சின்னதை வாங்குங்கள். சின்ன பிரஷால் பெரிய ஜன்னலைக் கழுவிவிடலாம், இரண்டு இழுப்பு கூடுதலாகும், அவ்வளவுதான்.

3. எடை

கடையில் கையில் எடுத்துப் பார்த்தால் எல்லா பிரஷும் லேசாகத்தான் இருக்கும். அங்கேதான் ஏமாறுவோம். ஆறு மீட்டர் கம்பைச் சுமார் 20 டிகிரி சாய்த்துப் பிடித்தால், அதன் முனை உங்களிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்கும். அங்கே கூடுகிற 300 கிராம், கையை நீட்டி ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைப் பிடிப்பதற்குச் சமம். அப்படிப் பிடித்துக்கொண்டே நாள் முழுக்க மேலும் கீழும் தேய்க்க வேண்டும். நனைந்த பிரஷ் காய்ந்ததைவிடக் கனம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கார்பன் ஃபைபர் கம்புக்கு நிறையப் பணம் கொடுத்து எடையைக் குறைத்துவிட்டு, முனையில் கட்டை மாதிரி ஒரு பிரஷை மாட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கம்பில் மிச்சம் பிடித்த எடையை பிரஷில் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

4. நார்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

இரண்டு நாரை விரல் நுனியில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். சிலவற்றின் நுனி வெட்டியது போல நேராக இருக்கும். சிலவற்றின் நுனி, மென்ற வேப்பங்குச்சி மாதிரி மெல்லிய இழைகளாகப் பிளந்திருக்கும். பிளந்ததைக் கடையில் ஃப்ளாக்டு என்பார்கள், பிளக்காததை மோனோ என்பார்கள்.

பிளந்த நுனி மென்மையானது, தண்ணீரைப் பிடித்து வைக்கும், கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு போகும். நான்கு வாரம், எட்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுகிற வீட்டில் தூசியும் மழைக்கறையும்தான் இருக்கும். அதற்கு இது போதும், மேலே கை போகும்போது சிரமமும் குறைவு. ஆனால் பிடித்து வைத்த தண்ணீரோடு அழுக்கையும் கொஞ்சம் பிடித்து வைக்கும் என்பதால் அலசும்போது பொறுமை வேண்டும்.

பிளக்காத நார் விறைப்பானது. பறவை எச்சம், சிலந்தி விட்டுப்போகும் கறுப்புப் புள்ளிகள், சட்டத்தில் பிடித்த பச்சைப் பாசி இதற்கெல்லாம் இதுதான் சரி. சீக்கிரம் அலசிவிடும். கண்ணாடியில் பிரஷ் தத்தித் தத்திப் போவது போலத் தோன்றுவதுதான் குறை.

இரண்டையும் கலந்தும் செய்கிறார்கள். நடுவில் விறைப்பான நார், சுற்றிலும் மென்மையான பிளந்த நார். புதியவர் ஒருவர் ஒரே ஒரு பிரஷ்தான் வாங்க முடியும் என்றால், 10 அல்லது 12 அங்குலத்தில் இந்தக் கலப்பு வகையை வாங்குங்கள் என்பதுதான் என் பதில். அதிலும் மேல் விளிம்பில் நார் வெளிப்பக்கமாக விரிந்திருக்கும் வடிவம் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். சட்டத்தின் மூலை, ஜன்னலுக்குக் கீழே இருக்கும் திண்டு எல்லாவற்றையும் பிரஷைத் திருப்பாமலே தேய்க்கலாம். செப்டம்பரில் ஒவ்வொரு மூலையிலும் சிலந்தி குடியேறும்போது இதன் அருமை தெரியும்.

அப்புறம் பன்றி முடி. பழைய ஆட்கள் இதன்மேல் சத்தியம் செய்வார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வருடக்கணக்கில் கை படாத ஜன்னலை முதன்முதலாகக் கழுவும்போது, பன்றி முடி அழுக்கைக் கவ்வி இழுப்பது போல் செயற்கை நார் இழுப்பதில்லை. ஆனால் தண்ணீர் குடித்துக் கனக்கும், சீக்கிரம் தேயும், விலையும் கூடுதல். வாரத்துக்கு இரண்டு மூன்று புதிய வீடு கிடைக்க ஆரம்பித்த பிறகு இரண்டாவது பிரஷாக வாங்கலாம். இன்னொன்றும் உண்டு: முஸ்லிம் வாடிக்கையாளர்கள் சிலருக்கோ, விலங்குப் பொருளே வேண்டாம் என்பவர்களுக்கோ இது பிடிக்காமல் போகலாம். கேட்டால் உள்ளதைச் சொல்லிவிட்டு வேறு பிரஷை மாட்டுங்கள்.

நார் கண்ணாடியைக் கீறுமா என்று எல்லோரும் கேட்பார்கள். நார் கீறாது. நாருக்குள் சிக்கிய மணல் கீறும். பிரஷைத் தரையில் போட்டால், எடுத்து அலசாமல் மேலே கொண்டுபோகாதீர்கள்.

5. ஜெட்

பிரஷ் கட்டையில் தண்ணீர் வரும் துளைதான் ஜெட். பென்சில் ஜெட் ஒரே கோடாகப் பாய்ச்சும். ஃபேன் ஜெட் விசிறி போல விரித்துத் தெளிக்கும். எது வேண்டும் என்பதைக் கண்ணாடிதான் சொல்லும்.

ஒரு வீட்டுக் கண்ணாடியில் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். சில கண்ணாடியில் தாமரை இலைத் தண்ணீர் போல முத்து முத்தாக உருண்டு பிரியும். சிலவற்றில் தாள் விரித்தாற்போல ஒரே பரப்பாக இறங்கும். பரப்பாக இறங்கினால் இரண்டு பென்சில் ஜெட் போதும். மேல் விளிம்பில் விட்டால் தண்ணீரே அழுக்கை வழித்துக்கொண்டு வந்துவிடும். முத்தாக உருண்டால் கோடுகளுக்கு நடுவே இடம் விட்டுப்போகும். அங்கே ஃபேன் ஜெட் நல்லது. அது இல்லையென்றால் பென்சில் ஜெட்டை வைத்துக்கொண்டே பிரஷைப் பக்கவாட்டில் மெதுவாக நகர்த்தி அலசலாம். காற்றடிக்கும் நாளில் ஃபேன் ஜெட்டின் சாரல் பாதி பக்கத்து வீட்டு ஜன்னலுக்குப் போகும் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

பில்கிங்டன் நிறுவனம் 2001-இல் கொண்டுவந்த ஆக்டிவ் என்ற தானே சுத்தமாகும் கண்ணாடி, பரப்பாக இறங்கும் ரகம். டைட்டானியம் டை ஆக்சைடு பூச்சு உள்ளது. வீட்டை ஒட்டிக் கட்டும் கண்ணாடி அறையான கன்சர்வேட்டரியின் கூரையில் இந்த மாதிரிக் கண்ணாடி இருக்கலாம் என்பதால் வீட்டுக்காரரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே மென்மையான நார் மட்டும், சுரண்டும் பட்டை எதுவும் வேண்டாம்.

6. பொருத்தம்

பிரஷின் திருகு உங்கள் கம்பின் முனையில் இருக்கும் வளையும் மூட்டுக்குப் பொருந்துகிறதா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். ஐரோப்பியத் திருகும் அமெரிக்கத் திருகும் ஒன்றல்ல. ஜெட்டில் மாட்டும் குழாயின் அளவையும் பாருங்கள். நான் இதில் ஒரு சனிக்கிழமையை இழந்திருக்கிறேன்.

7. முதல் ஜன்னல்

சட்டத்தின் மேல்பகுதியை முதலில் தேய்த்து அலசுங்கள், அப்புறம் கண்ணாடி, கடைசியில் திண்டு. அலசும்போது கண்ணாடியைப் பார்க்காதீர்கள், கீழ் விளிம்பைப் பாருங்கள். அங்கே பழுப்பாக வடியும் தண்ணீர் தெளிந்தால்தான் வேலை முடிந்தது. பழுப்பு நின்ற பிறகும் காய்ந்ததும் கோடு விழுந்தால், குற்றம் பெரும்பாலும் பிரஷில் இல்லை. மேலே திறக்கும் சின்ன ஜன்னலின் ரப்பருக்குள் தேங்கிய அழுக்குத் தண்ணீர் பிறகு சொட்டியிருக்கும். முதல்முறை கழுவும் வீட்டில் இது நடக்கத்தான் செய்யும், இரண்டாவது தடவையில் சரியாகும் என்று வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சில மாதத்தில் செயற்கை நார் ஒருபக்கமாகச் சாய்ந்து படுத்துவிடும். உடனே தூக்கிப் போட வேண்டாம். கொதித்து இறக்கிய தண்ணீரை ஒரு வாளியில் ஊற்றி, நார் மட்டும் முழுகும்படி இரண்டு நிமிடம் வைத்து எடுத்து, கையால் நேராக்கி, நார் மேலே பார்க்கும்படி ஆறவிட்டால் பெரும்பாலும் நிமிர்ந்துகொள்ளும். பன்றி முடியை வெந்நீரில் போடாதீர்கள். அதை உதறிக் காற்றாடத் தொங்கவிட்டால் போதும்; ஈரத்தோடு வேனுக்குள் பூட்டி வைத்தால் திங்கட்கிழமை கதவைத் திறக்கும்போது மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.