காருக்குள் லொடலொட சத்தமா? கை வைக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிப் உடைந்த டோர் பேனல், எண்ணெயில் ஊறி உப்பிய பீடிங் (கதவோர ரப்பர் பட்டை), மரை போன டேஷ்போர்டு ஸ்குரூ. காருக்குள் கேட்ட சின்னச் சத்தத்தைச் சரிசெய்யப் போய் இந்த நிலைக்கு வந்த கார்கள் நிறைய. சத்தத்தைவிட அவசரம்தான் காரை அதிகம் கெடுக்கிறது.

முதல் தவறு, காது சொல்வதை அப்படியே நம்புவது. முன் கண்ணாடி சத்தத்தை நன்றாகத் திருப்பி அனுப்பும். அதனால் வேறு எங்கோ வருவதும் டேஷ்போர்டில் வருவது போலவே கேட்கும். எதையும் கழற்றும் முன் காரைக் காலி செய்யுங்கள். குளோவ் பாக்ஸில் கிடக்கும் சில்லறை, கூலிங் கிளாஸ், சீட்டுக்கு அடியில் உருளும் தண்ணீர் பாட்டில் (இது பிரேக் பெடலுக்கு அடியில் போனால் ஆபத்தும்கூட), டிக்கியில் ஜாக்கி, ஸ்பேனர், ஸ்டெப்னியைப் பிடித்திருக்கும் போல்ட் எல்லாவற்றையும் பாருங்கள். ஆள் உட்காராத சீட்டின் பெல்ட்டில் தொங்கும் உலோக நாக்கு, கதவை ஒட்டிய தூணின் பிளாஸ்டிக்கில் தட்டிக்கொண்டே வரும். பின்னால் ஏதோ கழன்றுவிட்டது என்று பலரைப் பயமுறுத்துவது அதுதான்.

அப்படியும் நிற்கவில்லையா? ஒரு கையில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் டேஷ்போர்டைத் தட்டிப் பார்க்காதீர்கள். வேறு ஒருவர் ஓட்டட்டும். பாட்டையும் ஏசி புளோயரையும் நிறுத்திவிட்டு, அதே சாலையில் அதே வேகத்தில் போய், சந்தேகப்படும் இடங்களை ஒவ்வொன்றாக உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் சத்தம் நின்றால் இடம் கிட்டத்தட்ட கிடைத்துவிட்டது.

எந்த நேரத்தில் வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டு 70 டிகிரியைத் தாண்டிவிடும். 40 டிகிரி சூடு ஏறினால் அதற்குள் இருக்கும் 1.4 மீட்டர் நீளமுள்ள இரும்புச் சட்டம் அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகத்தான் நீளும். அதன்மேல் உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக்கோ அதைப்போலப் பல மடங்கு நீளப் பார்க்கும். அந்த இழுபறிதான் கிறீச் என்று கேட்கிறது. மதியம் கத்திய கார் சாயங்காலம் சர்வீஸ் சென்டருக்குப் போனதும் வாயே திறக்காமல் இருப்பதற்கும் இதுவே காரணம்.

எல்லாச் சத்தத்துக்கும் ஒரே மருந்து போடுவது அடுத்த தவறு. கிறீச் என்றால் இரண்டு பொருள்கள் உரசுகின்றன. லொடலொட என்றால் எங்கோ இடைவெளி விட்டு ஒன்று மற்றொன்றில் மோதுகிறது. உரசலுக்கு நடுவே வழுக்கலோ மெல்லிய துணி டேப்போ வேண்டும். மோதலுக்கு இறுக்கமோ திண்டோ வேண்டும். லொடலொட சத்தத்துக்கு ஸ்பிரே அடித்துப் பயனில்லை.

ஸ்பிரே என்றதும் கை டபிள்யூடி-40 டப்பாவைத் தேடும். 1953இல் ஈரத்தை விரட்டித் துருவைத் தடுப்பதற்காக உருவாக்கப்பட்ட பொருள் அது. நெடுநாள் நிற்கும் வழுக்கலுக்காக வந்ததல்ல. பெட்ரோலிய எண்ணெய் கதவு பீடிங் ரப்பரை நாளடைவில் உப்பவும் வைக்கும். தேங்காய் எண்ணெய் தடவுபவர்களும் உண்டு. இரண்டு நாள் அமைதி கிடைக்கும், அப்புறம் அந்த எண்ணெயில் புழுதி ஒட்டிப் பழைய சத்தமே திரும்பும். பீடிங்கை ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, சிலிகான் ஸ்பிரேயைத் துணியில் அடித்துத் தடவினால் போதும். நேரடியாக அடித்தால் கண்ணாடியிலும் பெடலிலும் படும். பெயின்ட் வேலைக்கு விடப்போகும் காரில் சிலிகானைத் தொடாதீர்கள், பெயின்ட் பிடிக்காமல் குழிகுழியாக விழும்.

விசிட்டிங் கார்டு, மடித்த பேப்பர், தெர்மோகோல் ஆகியவற்றை இடுக்கில் செருகுவது இடத்தைக் கண்டுபிடிக்கும்வரை சரி. அதையே நிரந்தர வைத்தியமாக விட்டால் நகர்ந்து உள்ளே விழுந்து இன்னொரு சத்தத்தைக் கொண்டுவரும்.

ஏர்பேக் இருக்கும் இடத்தில் மட்டும் சோதனைக்காகக்கூட எதையும் செருகக் கூடாது. பயணி பக்க டேஷ்போர்டு மூடி, முன் கண்ணாடியின் இரு ஓரத் தூண்கள், கூரை ஓரம், சீட்டின் பக்கவாட்டு எல்லாம் இதில் சேரும். டேஷ்கேம் ஒயரை மறைக்கிறேன் என்று தூணின் டிரிம்மை (பிளாஸ்டிக் உறையை) பிடுங்குவது இப்போது சாதாரணமாகிவிட்டது. உள்ளே கர்ட்டன் ஏர்பேக் (பக்கக் கண்ணாடிகளை மறைத்து விரியும் ஏர்பேக்) இருக்கும் காரில் ஒயர் அதன் முன்னால் போனால் விரியும்போது தடங்கல். அந்த டிரிம்மின் கிளிப்புகளும் சாதாரண கிளிப் அல்ல, சில கார்களில் ஒருமுறை கழற்றினால் மாற்றியே ஆகவேண்டும். ஸ்டீயரிங் வீலுக்குள் உரசல் கேட்டாலும், சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் தெரிந்தாலும் நீங்களாகத் தொட வேண்டாம்.

ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் பிளாஸ்டிக்கில் தழும்பு விழும். பிளாஸ்டிக் நெம்புகோல் செட்டும் நான்கைந்து உதிரிக் கிளிப்பும் முதலிலேயே வாங்கிவிடுங்கள். ஸ்குரூவை முழு பலத்தோடு இறுக்காதீர்கள், பிளாஸ்டிக் மரை ஒருமுறை போனால் போனதுதான். டயர் காற்றையும் பாருங்கள். கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் சொல்வதைவிட அதிகம் அடித்திருந்தால் நல்ல காரும் கடகடக்கும்.

சிறு பள்ளத்திலும் கீழிருந்து டக் டக் என்றாலோ, நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முறுகும் சத்தம் கேட்டாலோ டேப்பை ஓரம் வையுங்கள். ஸ்டெபிலைசர் லிங்க், லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட், ஸ்ட்ரட் மவுண்ட் போன்ற, சக்கரத்தைக் காரோடு இணைக்கும் சஸ்பென்ஷன் பாகங்களில் ஏதாவது தேய்ந்திருக்கலாம். காரை லிஃப்டில் ஏற்றிப் பார்க்காமல் முடிவு தெரியாது.

வாரன்டி இருக்கும் கார் என்றால் நீங்களாகப் பிரிக்காமல் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு ரவுண்டு போய் வாருங்கள். சர்வீஸ் சென்டரில் புகாரைக் குறிக்கும் ஜாப் கார்டில் ‘சத்தம் வருகிறது’ என்று மட்டும் எழுத விடாதீர்கள். ‘மதியம், 30 கிலோமீட்டர் வேகத்தில், இடது சக்கரம் மேடு ஏறும்போது, குளோவ் பாக்ஸுக்கு மேலே, கையால் அழுத்தினால் நிற்கிறது’ என்று எழுதச் சொல்லுங்கள்.