கடற்படை விமானியாக இருந்து அட்மிரல் ஆனவரைப் பற்றி எழுதுவது எப்படி?

பள்ளி ஆண்டுமலருக்கு, நூலக உரைக்கு, ஞாயிறு பக்கத்துக்கு என்று கோலாலம்பூரிலோ பினாங்கிலோ யாராவது கடற்படை விமானியைப் பற்றி எழுத உட்கார்ந்தால், கட்டுரை பெரும்பாலும் ஒரே தடத்தில் ஓடும்: விமானம் ஓட்டக் கற்றார், போரில் பறந்தார், அட்மிரல் ஆனார். நடுவில் இருபது இருபத்தைந்து ஆண்டுகள் காணாமல் போயிருக்கும். அவர் கப்பல் நடத்தக் கற்றதும் அட்மிரலுக்குத் தகுதி பெற்றதும் அந்த ஆண்டுகளில்தான்.

அதனால் முதலில் வாக்கியம் எழுத வேண்டாம். ஒரு ஏ3 தாளைக் குறுக்காக வைத்து ஐந்து கட்டம் போடுங்கள்: ஆண்டு, தரநிலை, பொறுப்பு, கப்பல் அல்லது ஸ்குவாட்ரன் (விமான அணி), இடம். கிடைத்ததை எல்லாம் அதில் நிரப்புங்கள். இரண்டு ஆண்டுக்கு மேல் வெற்றிடம் இருந்தால் சிவப்பு மையில் வட்டம். அந்த வட்டத்துக்குள் ஒளிந்திருப்பது பெரும்பாலும் பயிற்சிக் கல்லூரி, தலைமையக மேசை, அல்லது ஒரு கப்பலின் இரண்டாம் அதிகாரிப் பதவி. தேட வேண்டியது அங்கேதான்.

தரநிலைக் கட்டம்தான் அதிகம் கவிழ்க்கும். தரைப்படையில் கேப்டன் இளநிலை அதிகாரி. கடற்படையில் கேப்டன் கர்னலுக்குச் சமம். மலாயில் எழுத்திலேயே வேறுபாடு உண்டு: தரைப்படைக்குக் 'காப்தன்', கடற்படைக்குக் 'கெப்தென்'. தமிழில் இரண்டும் கேப்டன் ஆகிவிடும். போதாததற்கு, சிறு கப்பலை நடத்தும் லெப்டினன்டையும் கப்பலில் கேப்டன் என்றே அழைப்பார்கள். அது பொறுப்பு, தரம் அல்ல. நம் தமிழில் இன்னொரு வில்லங்கம் 'தளபதி'. ஸ்குவாட்ரன் தலைவர், கப்பல் தலைவர், கடற்படைத் தலைவர் எல்லாரையும் தளபதி ஆக்கினால் வாசகருக்கு ஏணியே தெரியாது. ஒரு கட்டுரையில் அந்தச் சொல்லை ஒரே ஒரு பதவிக்கு ஒதுக்குங்கள். எங்கள் பரிந்துரை, கடற்படைத் தலைவருக்கு மட்டும்.

மலேசிய வாசகருக்கு மலாய்ப் பெயரையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது. கெப்தெனுக்கு மேலே லக்சமானா பெர்த்தாமா (கொமடோருக்குச் சமம்), லக்சமானா மூடா (ரியர் அட்மிரல்), லக்சமானா மாட்யா (வைஸ் அட்மிரல்), லக்சமானா (அட்மிரல்). 'மூடா' என்றால் இளைய என்று பொருள் பார்த்து 'இளைய அட்மிரல்' என்று எழுதிவிடாதீர்கள். அவருக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கலாம். இந்த லக்சமானா வேறு யாருமல்ல, நம் இராமாயணத்து இலட்சுமணன்தான். அண்ணனுக்குக் காவல் நின்றவர் பெயர் கடலுக்குக் காவல் நிற்பவருக்குப் போனது பொருத்தம்தான்.

அடுத்து, சிறகுப் பட்டை (விமானியாகத் தேறியதற்கான சின்னம்) பெற்ற ஆண்டு. இதைப் பணியில் சேர்ந்த ஆண்டோடு கழித்துப் பாருங்கள். மனிதர் எந்த ரகம் என்று தெரிந்துவிடும். அமெரிக்காவின் மார்க் மிட்ஷர் 1910இல் கடற்படைக் கல்லூரி முடித்து 1916இலேயே விமானி ஆனவர். இடைவெளி ஆறு ஆண்டு. எர்னஸ்ட் கிங் 1901இல் முடித்து 1927இல் சிறகு பெற்றார். வில்லியம் ஹால்சி 1904, 1935. ஜான் மெக்கெயின் (மூத்தவர்) 1906, 1936. ஐம்பது வயதில் எதற்கு ஒருவர் விமானம் ஓட்டப் பழகுகிறார்? 1926இல் வந்த அமெரிக்கச் சட்டம்தான் காரணம். விமானந்தாங்கிக் கப்பலுக்குத் தலைமை ஏற்க வேண்டுமானால் விமானப் பயிற்சித் தகுதி இருக்க வேண்டும் என்றது அது. இந்த ஒரு வரி இல்லாமல் ஹால்சியைப் பற்றி எழுதினால், முதுமையில் முளைத்த ஆசை போலத் தோன்றும். உண்மையில் சரட்டோகா கப்பலின் தலைமை அவருக்குக் காத்திருந்தது. 'அப்சர்வர்' பயிற்சி போதும் என்று சொல்லியும், விமானி பயிற்சியையே எடுத்து முடித்தார்.

இந்த 'அப்சர்வர்' என்ற சொல்லைப் 'பார்வையாளர்' என்று பெயர்த்தால் அவர் கொட்டகையில் உட்கார்ந்து படம் பார்த்தவர் ஆகிவிடுவார். விமானத்தில் வழி கணிப்பது, இலக்கைக் கண்டறிவது, செய்தித் தொடர்பு ஆகியவை அவர் வேலை. 'வான்வழி அதிகாரி' என்று ஒருமுறை விளக்கிவிட்டு அப்சர்வர் என்றே தொடருங்கள்.

பிரிட்டிஷ்காரரானால் தனிப் பொறி ஒன்று உண்டு. 1918 ஏப்ரல் 1 அன்று கடற்படையின் வான்பிரிவு புதிய விமானப்படையோடு இணைக்கப்பட்டது. 1939இல்தான் முழுமையாகக் கடற்படையிடம் திரும்பியது. இடைப்பட்ட காலத்து விமானிகள் பலருக்கு விமானப்படைத் தரம் ஒன்றும் கடற்படைத் தரம் ஒன்றும் சேர்ந்தே இருக்கும். இரண்டு பதிவைப் பார்த்துவிட்டு 'படை மாறினார்' என்று எழுதுவது தவறு. கடற்படை விமானிகளில் முதலாவதாக அங்கே கடற்படைத் தலைமைப் பதவிக்கு வந்த காஸ்பர் ஜான் அதை எட்டியது 1960இல்; அவர் பறக்கக் கற்றது 1920களில்.

கப்பல் கட்டத்தை நிரப்பும்போது பெயரை மட்டும் நம்பாதீர்கள், எண்ணையும் எழுதுங்கள். கிங் நடத்திய லெக்சிங்டன் சிவி-2. அது 1942 மே மாதம் பவளக் கடலில் மூழ்கியது. பிறகு வந்த லெக்சிங்டன் சிவி-16. ஹார்னெட்டும் அப்படியே: மிட்ஷரின் கப்பல் சிவி-8, அடுத்தது சிவி-12. இந்தியாவின் விக்ராந்தும் இரண்டு: 1961இல் வந்து 1997இல் ஓய்வு பெற்றது ஒன்று, 2022இல் பணியில் சேர்ந்தது இன்னொன்று. கட்டுரைக்குப் படம் தேடுகிறவர் பழைய கதைக்குப் புதிய கப்பலைப் போட்டுவிடுவார். இது அடிக்கடி நடக்கிறது.

பிற்கால அமெரிக்க ஏணி ஏறக்குறைய இப்படிப் போகும்: கமாண்டராக ஒரு ஸ்குவாட்ரனின் தலைமை, அணுவிசைப் பயிற்சி, விமானந்தாங்கியில் இரண்டாம் அதிகாரி, ஒரு பெரிய துணைக் கப்பலின் தலைமை, பிறகு கேப்டனாக விமானந்தாங்கி, அதற்கு மேல்தான் கொடி, அதாவது அட்மிரல் வரிசைத் தரம். ஜேம்ஸ் ஹாலோவே (மூன்றாமவர்) 1960களில் அணுவிசைக் கப்பலான எண்டர்பிரைசை நடத்தி, 1974இல் கடற்படைத் தலைவரானார். அணு உலையைப் பற்றிப் படித்த ஆண்டுகளை 'ஓய்வு' என்று விட்டுவிடாதீர்கள்.

இந்தியரில் ஆர்.எச். தஹிலியானி, 1984இல் பொறுப்பேற்ற முதல் விமானித் தலைவர். அருண் பிரகாஷின் பதிவில் வாசகர் குழம்பும் இடம் ஒன்று உண்டு: 1971 போரில் அவர் வீர் சக்ரா பெற்றது விமானப்படையின் ஹண்டர் போர் விமானம் ஓட்டி. அச்சுப் பிழை அல்ல. பரிமாற்றப் பணியில் இருந்தார். பிறகு சீ ஹேரியர் ஸ்குவாட்ரன், விராட் கப்பல், அந்தமானின் கூட்டுப்படைத் தலைமை, 2004இல் கடற்படைத் தலைமை. பதக்க எழுத்துகளையும் கவனியுங்கள்: வீர் சக்ரா வீரத்துக்கு, 'விசிஷ்ட் சேவா' வரிசை சிறந்த பணிக்கு. இரண்டையும் 'வீரப் பதக்கம்' என்று கலக்கக் கூடாது.

மலேசிய ஒப்பீடு சேர்க்க விரும்பினால் டான் ஸ்ரீ கே. தனபாலசிங்கத்தைச் சேருங்கள், ஆனால் விமானியாக அல்ல. விக்டோரியா கல்வி நிலைய மாணவர், 1967இல் 31 வயதில் கடற்படைத் தலைவரானவர்; முழுக்கக் கப்பல் வழி. நம் கடற்படைக்கு வாஸ்ப் ஹெலிகாப்டர்கள் வந்தது 1988இல். வான்தளம் லூமூட்டில், கேடி ராஜாவாலி. இங்கே விமானிகள் ஓட்டுவது ஹெலிகாப்டர் என்பதால், விமானந்தாங்கியில் கொக்கி போட்டு இறங்கும் கதைகளை அவர்கள் மேல் ஏற்றாதீர்கள்.

தேட வேண்டிய இடங்கள்: ஜாலான் துன் ரசாக்கில் தேசிய நூலகம், தேசிய ஆவணக்காப்பகம், இணையத்தில் சிங்கப்பூர் நூலக வாரியத்தின் பழைய நாளிதழ்த் தொகுப்பு. பிரிட்டிஷ் தரநிலைத் தேதிகளுக்கு அந்நாட்டு அரசிதழான லண்டன் கெசட் போதும். நினைவுக் குறிப்புகளை அதோடு ஒத்துப் பாருங்கள்.

கடைசியாக, இறுதித் தரத்தின் தேதி. மெக்கெயின் 1945 செப்டம்பர் 6 அன்று, ஜப்பான் சரணடைந்து கையெழுத்திட்ட நான்கு நாளில், வைஸ் அட்மிரலாகவே இறந்தார்; முழு அட்மிரல் தரம் இறந்த பிறகு வந்தது. 'அட்மிரல் மெக்கெயின் போரில்' என்று தலைப்பிட்டால், தெரிந்தவர் முதல் வரியிலேயே பேனாவை எடுப்பார். அச்சுக்குப் போகும் முன் ஓய்வுபெற்ற கடற்படைக்காரர் ஒருவரிடம் அந்த ஏ3 தாளை மட்டும் காட்டுங்கள், கட்டுரையை அல்ல. பிழை இருந்தால் அவர் கண் நேராகத் தரநிலைக் கட்டத்துக்குப் போகும்.