மினி பெக்கோ ரப்பர் செயின் தொய்ஞ்சு போனா என்ன செய்றது

வெள்ளவத்தை லேனுகளுக்குள்ள பெரிய மெஷின் எங்க போறது, பழைய வீடு உடைக்க, அத்திவாரம் வெட்ட எல்லாத்துக்கும் மினி பெக்கோதான் (ரப்பர் செயின்ல ஓடுற சின்ன எக்ஸ்கவேட்டர்). மழைக்காலத்துல சேத்துக்குள்ள நிண்டு திரும்பித் திரும்பி வேலை செய்யேக்க செயின் தொய்யும், விட்டா ஒரு நாளைக்குக் கழண்டே விழும்.

செயின இறுக்கிறது கிரீஸ் அடிச்சுத்தான், ஆனா தொய்ஞ்சிட்டு எண்டவுடனே கிரீஸ் கன்ன தூக்காதீங்க. முதல்ல மெஷின சமதரையில விட்டு, மேல்பகுதிய பக்கவாட்டுக்குத் திருப்பி, பக்கெட்டோட அடிப்பக்கத்த (பல்ல இல்ல) நிலத்துல ஊண்டி அந்தப் பக்க செயின தூக்குங்க. தூக்கின செயின முன்னுக்கும் பின்னுக்கும் ஓடவிட்டு சேறு, கல்லெல்லாம் கொட்டவிடுங்க, உள்ளுக்க சேறு அடைஞ்சிருந்தா அளவு பிழைக்கும். பிறகு ஃப்ரேமுக்கு அடியில நல்ல மரக்கட்டை வச்சு, எஞ்சின ஓஃப் பண்ணி சாவிய பொக்கெட்ல போடுங்க. ஹைட்ரோலிக்க மட்டும் நம்பிக் கிட்டப் போக வேணாம்.

நடு ரோலரோட (செயினுக்குள்ள உருள்ற அடிச் சக்கரம்) அடிக்கும் செயினோட உள்பக்கத்துக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியத்தான் அளக்கணும். குபோட்டா மினி மெஷின்கள்ல பொதுவா 10 - 15 மில்லிமீட்டர், செயின்ல எட்டைப் படுக்கப் போட்ட மாதிரி ஒரு மூட்டு அடையாளம் இருக்கும், அது மேல நடுவுல வரணும். மத்த மெஷினுக்கு அதோட மெனுவல்ல என்ன இருக்கோ அதுதான்.

இடைவெளி குறைவா இருந்தா நல்லது எண்டு இறுக்கித் தள்ளுறவங்கதான் கூட. இறுக்கம் கூடினா செயின், ஸ்ப்ரொக்கெட் (செயின ஓட்டுற பல்லுச் சக்கரம்), ரோலர் எல்லாம் சேர்ந்து தேயும். இடைவெளி கூடவா இருந்தா மட்டும் செயின் ஃப்ரேம்ல இருக்கிற மூடியக் கழட்டி, நிப்பிளத் (கிரீஸ் ஏத்துற சின்ன முனை) துடைச்சு, கொஞ்சம் கொஞ்சமா கிரீஸ் அடிச்சு, செயின ஒருக்கா சுத்திப்போட்டு திரும்ப அளந்து பாருங்க.

லூஸ் பண்ணணும் எண்டா நிப்பிளக் கழட்டப்படாது, அது மாட்டியிருக்கிற வால்வைத்தான் மெதுவா, ஒரு சுத்துக்கு மேல போகாமத் திறக்கணும், முகமும் கையும் அதுக்கு நேர இருக்கக் கூடாது. உள்ளுக்க பிரஷர் பயங்கரம், கிரீஸ் தோலுக்குள்ள பூந்திட்டா வெளிய ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளுக்க சதை அழுகும். நோகேல்ல எண்டு வீட்டுக்குப் போகாம நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போங்க.

அடிச்சும் ரெண்டு மூணு நாள்ல திரும்பத் தொய்ஞ்சா வால்வ்ல இல்லாட்டி செயின இறுக்கிற கிரீஸ் சிலிண்டரோட சீல்ல கிரீஸ் கசியுது. வால்வ் எண்டா துடைச்சு இறுக்கிப் பாருங்க, சீல் போயிருந்தா பழசக் கையோட கொண்டுபோனா பஞ்சிகாவத்தை ஸ்பெயார் பார்ட்ஸ் கடைகள்ல அளவு பார்த்து எடுக்கலாம். ஆனா பின்னாலுள்ள பெரிய ஸ்பிரிங்க வேலை நடக்கிற இடத்துல வச்சுக் கழட்டாதீங்க, அது அமுக்கி வச்சது, ஆளையே அடிச்சிடும். எவ்வளவு அடிச்சும் முன் ஐட்லர் (செயின் சுத்துற முன் சக்கரம்) அசையாட்டி துரு, சேறு இறுகிட்டு, மேல மேல அடிக்காம கழுவுங்க.

ஐட்லர் முழுக்க வெளிய வந்தும் செயின் தொங்குதா, ஸ்ப்ரொக்கெட் பல்லு கூராயிட்டா, ரப்பருக்குள்ள இருக்கிற கம்பி தெரியுதா, அப்ப மாத்துறதுதான். கடற்கரைப் பக்கம் வேலை செய்றவங்க பின்னேரம் நல்ல தண்ணியில கழுவணும், ரப்பர் வெடிப்பால உப்புப் பூந்தா கம்பி துருப்பிடிச்சு அறுந்திடும்.

ஒரு பக்கம் முடிஞ்சா மற்றப் பக்கத்தையும் அளந்து பாருங்க, கொஞ்ச நேரம் வேலை செஞ்சிட்டு ரெண்டையும் இன்னொருக்கா.