சைட்டைச் சுற்றித் தகரம் அடிக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

கட்டுமான சைட்டுக்குத் தகரம் அடிப்பதை அரைநாள் சில்லறை வேலையாக நினைப்பதுதான் முதல் தவறு. அந்தத் தடுப்பு காற்றைத் தாங்க வேண்டும். அதற்குக் கணக்கு உண்டு.

காற்றின் வேகத்தை (விநாடிக்கு மீட்டர்) இருமடியாக்கி 0.6 ஆல் பெருக்கினால், சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் அழுத்தம் என்று தெரியும். 30 மீட்டர் வேகத்தில் 540. தகரம் 2.4 மீட்டர் உயரம், அதைத் தாங்கும் கால்கள் (தரையில் நட்ட பைப்கள்) 3 மீட்டருக்கு ஒன்று என்றால், ஒரு காலின் பங்கு 7.2 சதுர மீட்டர். கிட்டத்தட்ட 400 கிலோ பாரம் பக்கவாட்டில் தள்ளுவதற்குச் சமம். குழியில் மண்ணைப் போட்டு மிதித்து நட்ட பைப் இதற்கு நிற்காது. கான்கிரீட் போட்டே நட வேண்டும்.

தூசி வெளியே போகிறதென்று 2 மீட்டர் தடுப்பின் மேல் இன்னொரு வரிசைத் தகரம் அடித்து 3 மீட்டராக்குவார்கள். கவிழ்க்கும் திருப்புவிசை 2.25 மடங்காகும், காலும் முட்டும் (தடுப்பு சாயாமல் சரிவாகக் கொடுக்கும் தாங்கு கம்பி) பழையவையே. கம்பிவலை வேலியில் ஃபிளக்ஸ் பேனர் கட்டினாலும் இதே ஆபத்துதான். வலைக்குள் புகுந்து போன காற்றை பேனர் மறித்துவிடும்.

முட்டு விஷயத்தில் நடக்கும் தவறு இதைவிட மோசம். உள்பக்கம் சாய்த்து, அடியில் ஒரு கல்லை அணைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். வெளியிலிருந்து அடிக்கும் காற்றுக்கு அது தாங்கும். உள்ளிருந்து அடித்தால் முட்டின் அடி தரையை விட்டுக் கிளம்பும். தடுப்பு நடைபாதையில் போவோர் மேல் விழும். முட்டின் இரு முனைகளையும் போல்ட் போட்டு இறுக்கி, அடிமுனையைக் கான்கிரீட் பாளத்தில் பிணைத்தால்தான் அது இழுவையையும் தாங்கும்.

மணல், ஜல்லி, செங்கல் எதையும் தகரத்தில் சாய்த்துக் குவிக்காதீர்கள். கால்களை ஒட்டிப் பள்ளமும் தோண்டாதீர்கள், பிடிமானம் போய்விடும்.

வெளிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் ஜே போல்ட் (தகரத்தைச் சட்டத்தோடு பிடிக்கும் வளைந்த போல்ட்) முனையும் மடிக்காத தகர விளிம்பும் குழந்தைகளின் முக உயரத்தில்தான் இருக்கும். கிடைச்சட்டங்கள் உள்பக்கம் இருக்கட்டும்; வெளியே இருந்தால் ஏறுவதற்குப் படியாகிவிடும். கேட் உள்நோக்கித் திறக்க வேண்டும்.

தகரம் மேலிருந்து விழும் கல்லைத் தடுக்காது. தலைக்கு மேல் வேலை நடந்தால் நடைபாதைக்குக் கூரை போடுங்கள், அல்லது தடுப்புள்ள மாற்றுப்பாதை கொடுங்கள். வண்டிகளுக்கு நடுவே ஜனங்களை இறக்கிவிடக் கூடாது.

பலத்த காற்றுக்கும் மழைக்கும் பிறகு கால்கள் ஒவ்வொன்றையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அடிமண்ணில் இடைவெளி தெரிந்தால், சரிசெய்யும்வரை அந்த நடைபாதையை மூடிவையுங்கள்.