கடன்சுமை நாடுகளின் சரக்கு ஏற்றுமதியை எண்ணெய் நாடு ஒன்றுடன் ஒப்பிடுவது எப்படி?

பெருங்கடன் சுமையுள்ள ஏழை நாடுகள் என்று உலக வங்கியும் பன்னாட்டுப் பண நிதியமும் வகைப்படுத்தியுள்ள 39 நாடுகளின் மொத்த சரக்கு ஏற்றுமதியையும், குவைத்தின் சரக்கு ஏற்றுமதியையும் ஒரே வரைபடத்தில் இரு கோடுகளாக இடுவது எளிது. ஆனால் குவைத்தின் கோட்டிலிருந்து எண்ணெய் விலையையும், ஏழை நாடுகளின் கோட்டிலிருந்து எண்ணெயையும் பிரித்தெடுக்காதவரை, அந்தப் படத்தைப் பார்ப்பவர் தவறான முடிவுக்கே வருவார். அதைப் பிரித்தெடுக்கும் முறையை இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

முதலில் எந்தத் தரவுத் தொடரை எடுப்பது என்று முடிவு செய்யுங்கள். சுங்கப் பதிவுகளின் அடிப்படையிலான ஏற்றுமதி ஒன்று. ஒரு நாடு பிற நாடுகளுடன் செய்யும் எல்லாக் கொடுக்கல் வாங்கல்களையும் பதியும் அயல்நாட்டுச் செலுத்துநிலைக் கணக்கில் வரும் ஏற்றுமதி மற்றொன்று. முன்னது சரக்கு எல்லையைக் கடப்பதைக் கணக்கிடுகிறது. பின்னது சரக்கின் உடைமை உள்நாட்டவரிடமிருந்து வெளிநாட்டவருக்கு மாறுவதைக் கணக்கிடுகிறது. கடனையும் சேர்த்துப் பார்க்கப் போகிறீர்கள் என்பதால் செலுத்துநிலைக் கணக்கே பொருத்தமானது. எதை எடுத்தாலும் இரு தரப்புக்கும் அதையே எடுக்க வேண்டும். செலுத்துநிலைக் கணக்குக்காகப் பன்னாட்டுப் பண நிதியம் 2009-இல் வெளியிட்ட ஆறாம் பதிப்புக் கையேட்டின்படி, உடைமை மாறாமல் பதப்படுத்தித் திருப்பி அனுப்பப்படும் பொருள்கள் சரக்குக் கணக்கிலிருந்து சேவைக் கணக்குக்கு மாற்றப்பட்டன. எனவே தைத்துக் கொடுக்கும் ஆடைத் தொழில் மிகுந்த நாடுகளின் தொடரில் அந்தக் காலகட்டத்தையொட்டி ஒரு முறிவு தென்பட்டால், அதை ஏற்றுமதி வீழ்ச்சி என்று எழுதிவிடக் கூடாது.

அடுத்து, குழுவுக்குள் இருப்பவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படியுங்கள். பெரும்பாலோர் தவறவிடுவது இந்த இடத்தில்தான். அந்த இரு அமைப்புகளும் 1996-இல் தொடங்கிய கடன் நிவாரணத் திட்டத்துக்காக, ஏழ்மையையும் கடன் சுமையையும் அடிப்படையாகக் கொண்டு உருவான பட்டியல் இது. பின்னர் நிலை மாறிய சில நாடுகளும் அதிலேயே இருக்கின்றன. காங்கோ குடியரசு நெடுங்காலமாகவே எண்ணெய் விற்கும் நாடு. கடலே இல்லாத சாட், கேமரூனின் கிரிபி கடற்கரை வரை செல்லும் குழாய்வழியாக 2003 முதல் எண்ணெய் ஏற்றுமதி செய்கிறது. கானா 2010-இன் இறுதியில் எண்ணெய் எடுக்கத் தொடங்கியது. எல்லாவற்றையும்விட முக்கியமானது கயானா: பத்து லட்சம் மக்கள்கூட இல்லாத அந்த நாட்டில் 2019 டிசம்பரில் எண்ணெய் உற்பத்தி தொடங்கியது, அதன் ஏற்றுமதி சில ஆண்டுகளிலேயே பல மடங்காகி, குழுவின் மொத்தத்தையும் சேர்த்து உயர்த்தியது. அந்த உயர்வைப் பார்த்து, மலாவியின் புகையிலை விவசாயியும் புர்கினா ஃபாசோவின் பருத்தி விவசாயியும் வளம் பெற்றுவிட்டதாக எழுதுவது அவர்களுக்கு இழைக்கும் அநீதி. ஆகவே எண்ணெய் விற்கும் உறுப்பு நாடுகளைச் சேர்த்து ஒரு மொத்தமும், அவற்றை நீக்கி இன்னொரு மொத்தமும் கணக்கிட்டு, இரண்டையும் படத்தில் காட்டுங்கள். எரித்திரியா போன்ற நாடுகளுக்குப் பல ஆண்டுகளின் தரவு இல்லாததால், ஒவ்வோர் ஆண்டும் எத்தனை நாடுகள் மொத்தத்தில் இருக்கின்றன என்பதையும் குறித்து வையுங்கள்.

இனி குவைத். நடப்பு டாலர் மதிப்பில், அதாவது பணவீக்கத்தைக் கழிக்காமல், அதன் சரக்கு ஏற்றுமதி 2012-இல் ஏறத்தாழ 12,000 கோடி டாலராக இருந்து, 2016-இல் 5,000 கோடிக்கும் கீழே இறங்கியது. அதே இடைவெளியில், உலகச் சந்தையில் விலை அளவுகோலாகக் கொள்ளப்படும் பிரென்ட் கச்சா எண்ணெயின் ஆண்டுச் சராசரி விலை பீப்பாய்க்கு சுமார் 111 டாலரிலிருந்து சுமார் 44 டாலராகக் குறைந்தது. இரண்டு வீழ்ச்சிகளும் ஏறக்குறைய 60 சதவீதம். நிலத்தடியிலிருந்து எடுக்கப்பட்ட எண்ணெயின் அளவு அந்த அளவுக்குக் குறையவே இல்லை என்பதால், கோட்டின் சரிவு முழுவதும் கிட்டத்தட்ட விலையின் சரிவே. இதைத் தெளிவாகக் காட்ட, ஒவ்வோர் ஆண்டின் ஏற்றுமதி மதிப்பையும் அவ்வாண்டின் சராசரி எண்ணெய் விலையால் வகுத்து, அடிப்படை ஆண்டை 100 எனக் கொண்டு ஒரு குறியீட்டெண் தயாரிக்கலாம். சுத்திகரித்த எண்ணெயும் வேதிப்பொருள்களும் கலந்திருப்பதால் இது தோராயமான அளவீடுதான். ஆனாலும் போக்கை அறியப் போதுமானது. 1990 ஆகஸ்டில் ஈராக் படையெடுத்ததும் 1991-இல் எண்ணெய்க் கிணறுகள் எரிந்ததும் குவைத்தின் ஏற்றுமதியை முடக்கிவிட்டன. அதனால் அந்த இரண்டு ஆண்டுகளையும் அடிப்படையாகக் கொள்ளவே கூடாது.

தலா ஏற்றுமதியையும் கணக்கிடுங்கள். பல கோடி மக்களின் ஏற்றுமதியை அரைக் கோடி அளவிலான மக்களின் ஏற்றுமதியோடு மொத்தத் தொகையாக மட்டும் ஒப்பிடுவதில் பொருளில்லை. தங்கம் விற்கும் ஆப்பிரிக்க நாடுகளில் கைமுறைச் சுரங்கத் தங்கத்தின் ஒரு பகுதி பதிவின்றி வெளியேறுவதால், வாங்கும் நாட்டின் இறக்குமதிப் பதிவோடு சரிபார்ப்பதும் நல்லது. இறக்குமதி மதிப்பில் கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்திருக்கும் என்பதால் சிறு வேறுபாடு இயல்பானதே.

கடைசியாக, ஏற்றுமதியைக் கடனோடு இணையுங்கள். நிவாரணத் திட்டத்தின் 1999-ஆம் ஆண்டுத் திருத்தம், கடனின் நிகழ்கால மதிப்பு (வருங்காலத்தில் கட்ட வேண்டிய தொகைகளின் இன்றைய மதிப்பு) ஏற்றுமதியில் 150 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று பொது வரம்பு வைத்தது; அதற்கான ஏற்றுமதித் தொகையாகச் சரக்கும் சேவையும் சேர்ந்த மூன்றாண்டுச் சராசரி எடுக்கப்பட்டது. ஓராண்டின் விலை ஏற்றத்தாழ்வு முடிவைத் திரித்துவிடாமல் காக்கும் இந்த முறையை நீங்களும் பின்பற்றலாம். ஜாம்பியாவைப் பாருங்கள்: 2005-இல் கடன் நிவாரணம் பெற்ற அந்தத் தாமிர நாடு, 2012 முதல் 2015 வரை வெளிநாட்டுச் சந்தையில் 300 கோடி டாலருக்குக் கடன் பத்திரங்களை விற்று, 2020 நவம்பரில் 4.25 கோடி டாலர் வட்டியைக் கட்ட முடியாமல் தவறியது. அவ்வாண்டு அதன் சரக்கு ஏற்றுமதி முந்தைய ஆண்டைவிடக் கூடுதலாகவே இருந்ததால், ஏற்றுமதிக் கோட்டை மட்டும் பார்த்தவருக்கு நெருக்கடியின் அறிகுறியே தெரிந்திருக்காது. எனவே முதல் படத்தின் கீழே, ஒவ்வொரு நாடும் ஆண்டுதோறும் கட்டும் அசலையும் வட்டியையும் ஏற்றுமதியால் வகுத்துச் சதவீதமாகக் காட்டும் இரண்டாவது படத்தையும் அதே கால அளவில் சேர்த்துவிடுங்கள்.