ஜிடிபி திறந்ததும் பைத்தான் பொருள்களைப் படிக்க ஒரு .ஜிடிபிஇனிட் கோப்பு

சிபைத்தானுக்காக (சி மொழியில் எழுதப்பட்ட, வழக்கமான பைத்தான்) சி மொழியில் எழுதிய நீட்சி, தவறான நினைவக இடத்தைத் தொட்டு செக்மென்டேஷன் ஃபால்ட் என்று விழுந்தால், பிழைதேடும் கருவியான ஜிடிபி காட்டுவது வெறும் நினைவக முகவரி. அங்கே இருப்பது பட்டியலா, சரமா என்று அறிய ஒவ்வொரு முறையும் நீண்ட கட்டளை தட்ட வேண்டியதில்லை. ஜிடிபி தொடங்கும்போதே படிக்கும் .ஜிடிபிஇனிட் கோப்பில் எழுதிவிடலாம். (இங்கே ஒலிப்பைத்தான் தந்திருக்கிறேன், கோப்பில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.)

படி 1: ஹோம் அடைவில் அந்தக் கோப்பைத் திறந்து இவற்றைச் சேருங்கள்.

செட் பிரிண்ட் பிரெட்டி ஆன்
செட் ஹிஸ்டரி சேவ் ஆன்
செட் பேஜினேஷன் ஆஃப்

இணையத்தில் கிடைக்கும் ஆயிரம் வரிக் கோப்புகள் எனக்குப் பிடிக்காது. ஏதாவது பிசகினால் எந்த வரி காரணம் என்றே தெரியாது.

படி 2: சொந்தக் கட்டளை.

டிஃபைன் பைபார்
பிரிண்ட் ((பைஆப்ஜெக்ட் *) $ஆர்க்0)->ஓபி_டைப்->டிபி_நேம்
பிரிண்ட் ((பைஆப்ஜெக்ட் *) $ஆர்க்0)->ஓபி_ரெஃப்சிஎன்டி
எண்ட்

இனி பைபார் என்று தட்டி மாறியின் பெயரைக் கொடுத்தால் பொருளின் வகையும் ரெஃபரன்ஸ் எண்ணிக்கையும் (அந்தப் பொருளை எத்தனை இடங்கள் சுட்டுகின்றன என்பது) வரும். 64 பிட் கணினியில் பைத்தான் 3.12 பதிப்பின் நன் (‘மதிப்பு எதுவும் இல்லை’ என்பதைக் குறிப்பது) பொருளுக்கு 4294967295 என்று வந்தால் பதற வேண்டாம்; அந்தப் பதிப்பு முதல் அது அழியாப் பொருள், இந்த எண் உண்மையான எண்ணிக்கை அல்ல.

படி 3: என்னை அதிகம் அலைக்கழித்தது இதுதான். மூலநிரலிலிருந்து பைத்தானைக் கட்டினால், பைத்தான் அழைப்பு அடுக்கை (எந்தச் செயல்கூறு எதை அழைத்தது என்ற வரிசையை) காட்டும் பிஒய்-பிடி போன்ற கட்டளைகள் கொண்ட ஒரு துணைக்கோப்பும் உடன் உருவாகும். ஜிடிபி அதைத் தானாக ஏற்றாமல், ஆட்டோ-லோட் சேஃப்-பாத் (தானாக ஏற்ற நம்பலாம் என்று குறித்த அடைவுகளின் பட்டியல்) அனுமதிக்கவில்லை என்று எச்சரிக்கும். திட்ட அடைவில் வைத்த .ஜிடிபிஇனிட் கோப்புக்கும் இதே தடைதான். அனுமதி வரியை அந்தக் கோப்பிலேயே எழுதிப் பயனில்லை, அதைத்தானே ஜிடிபி படிக்க மறுக்கிறது! ஹோம் அடைவின் கோப்பில் ஆட் ஆட்டோ லோட் சேஃப் பாத் என்ற ஐந்து சொற்களையும் இடையே சிறுகோடிட்டு ஒரே கட்டளையாக எழுதி, பக்கத்தில் அடைவின் முழுப் பாதையைக் கொடுங்கள். பாதையாக வெறும் சாய்கோடு போடச் சொல்பவர்களை நம்பாதீர்கள். எங்கிருந்தோ இறக்கிய அடைவின் நிரலும் கேட்காமலே ஓடிவிடும்.

பின்சேர்க்கை: பைத்தான் பொருளை அச்சிட ஆயத்தமாகக் கிடைக்கும் பைஓ கட்டளை, கோர் கோப்பில் (நிரல் விழுந்த நொடியில் அதன் நினைவகத்தைப் பதித்த கோப்பு) ஏன் தோற்கிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். அது சிபைத்தானின் உள்செயல்கூறு ஒன்றை அழைக்கிறது. அதற்கு ஓடிக்கொண்டிருக்கும் செயல்முறை வேண்டும். பைபார் நினைவகத்தை மட்டும் படிப்பதால், டீபக் தகவல் (நிரலின் வகை, மாறிப் பெயர்கள் போன்றவை) இருந்தால் கோர் கோப்பிலும் வேலை செய்யும்.